டிராகுலா தின்ற ஹாம்பர்கர்! ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்துக்குச் சிங்கப்பூரில் ஒரு பாட்டி! தெரியுமா?

இரத்தம் குடிக்கிற டிராகுலா பிரபு, பசி தாங்காமல் ஹாம்பர்கர் தின்ற கதை தெரியுமா?

விளையாட்டில்லை! ஜப்பானின் தோயே நிறுவனம் எடுத்த கார்ட்டூன் படத்தில் அந்தக் காட்சியே இருக்கிறது! தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நாள் 1980 ஆகஸ்ட் 19. சாத்தானோடு மோதியதில் டிராகுலாவின் சக்தி அத்தனையும் பறிபோகிறது. சக்தி போனால் என்ன வரும்? பசி வரும்! பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது பேய்களுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. பல நூற்றாண்டு கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிரபு ஹாம்பர்கரைக் கடிக்கிறார்!

கதை யாருடையது? ஸ்பைடர்மேனைப் பெற்றெடுத்த அதே மார்வல்! 1972 முதல் 1979 வரை 70 இதழ்கள் ஓடிய டிராகுலா காமிக்ஸ் அது. 70 இதழுக்கும் படம் வரைந்தவர் ஒரே ஓவியர், ஜீன் கோலன்! அத்தனையையும் தோயேகாரர்கள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் திணித்துவிட்டார்கள். விளைவு? டிராகுலாவுக்குக் கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, குழந்தை சாகிறது, செத்த குழந்தை வளர்ந்த வாலிபனாகத் திரும்பி வந்து அப்பாவோடு சண்டை போடுகிறது! மூச்சு விட நேரம் கிடையாது!

இதே தோயே 1978-இல் ஸ்பைடர்மேனையும் விட்டுவைக்கவில்லை. அவருக்கு ஒரு ராட்சத ரோபோவையே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்! சுவரேறுகிறவனுக்கு எதற்கு ரோபோ என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

டிராகுலாவுக்கு மறு வருஷமே ஃபிராங்கன்ஸ்டைன்!

டிராகுலா ஓய்ந்த கையோடு, 1981 ஜூலை 27 அன்று அடுத்த இடி! தோயேயின் கார்ட்டூன் ஃபிராங்கன்ஸ்டைன்! பிணங்களின் உறுப்புகளைத் தைத்து மின்னல் பாய்ச்சி உண்டாக்கிய அதே பூதம்! இயக்கியவர் செரிகாவா யூகோ. இவர் யார் தெரியுமா? எட்டுத் தலை நாகத்தைக் கொல்லும் குட்டி இளவரசன் கதையை 1963-இல் கார்ட்டூனாக எடுத்து, குழந்தைகளைக் குதூகலிக்க வைத்தவர்! அதே கைதான் இதையும் செய்தது. கார்ட்டூன்தானே என்று பிள்ளையை மடியில் உட்காரவைத்துக்கொண்டு பார்த்தால் பிள்ளை அன்றிரவு தூங்காது. நீங்களும் தூங்கமாட்டீர்கள்! வெட்டு, குத்து, இரத்தம் எதற்கும் பஞ்சமில்லை.

ஆனால் நடுவில் ஒரு சின்னப் பெண் வருகிறாள். எமிலி. பூதத்தைப் படைத்த விஞ்ஞானியின் மகள். ஊரே கம்பும் தீப்பந்தமுமாக விரட்டுகிற பூதத்தோடு இவள் மட்டும் சிநேகமாகிறாள்! இந்த ஒரு பாத்திரத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம் என்பேன்.

சரி, ஜப்பான் கார்ட்டூனுக்கும் தோ பாயோவில் காலாற நடக்கிற நமக்கும் என்ன சம்பந்தம்? அங்கேதான் இருக்கிறது வேடிக்கை!

பூதம் பிறந்தது நம் பக்கத்து வீட்டு எரிமலையால்!

ஃபிராங்கன்ஸ்டைன் கதைக்கு விதை போட்டது எது? லண்டன் மூடுபனியா? ஜெர்மன் கோட்டையா? இல்லவே இல்லை! இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை! சிங்கப்பூரிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர்தான்!

1815 ஏப்ரல் 10. தம்போரா வெடித்தது. மனிதன் எழுதிவைத்த வரலாற்றில் இதைவிடப் பெரிய எரிமலை வெடிப்பு கிடையாது! ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரமிருந்த மலை, வெடித்து முடித்தபோது சுமார் 2,850 மீட்டர்! மலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு காணவில்லை! உச்சி இருந்த இடத்தில் 6 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம்! பல்லாயிரம் பேர் மாண்டார்கள்.

பெருவெடிப்புக்குச் சில நாள் முன்பே முதல் வெடிச்சத்தம் ஜாவாவில் கேட்டதும் அங்கிருந்த ஆங்கிலேயர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? பீரங்கி! எதிரி வந்துவிட்டான் என்று ஜோக்ஜாகர்த்தாவிலிருந்து படையே புறப்பட்டது! கடலில் ஏதோ கப்பல் ஆபத்தில் இருக்கிறதென்று படகுகள் வேறு கிளம்பின! அப்போது ஜாவாவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி யார்? நம் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ்! ஆமாம், நான்கு வருஷம் கழித்துச் சிங்கப்பூரில் கால் வைத்த அதே ராஃபிள்ஸ்! தம்போரா வெடித்த கதையை 1817-இல் வெளியான தன் ஜாவா வரலாற்று நூலிலும் எழுதிவைத்திருக்கிறார்.

மேலே போன தூசி சும்மா இருந்ததா? உலகைச் சுற்றிப் படர்ந்து வெயிலை மறைத்தது. 1816-இல் ஐரோப்பாவுக்குக் கோடைக்காலமே வரவில்லை! அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதம் பனி கொட்டியது! சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் விடுமுறைக்கு வந்த இளவட்டங்கள், ஓயாத மழையில் வீட்டுக்குள் அடைபட்டார்கள். பொழுது போகவேண்டுமே? ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் அவர்களில் ஒருவரான கவிஞர் பைரன் பிரபு.

ஃபிராங்கன்ஸ்டைன் கதையை எழுதினாள் அங்கிருந்த மேரி. வயது என்ன தெரியுமா? 18! பதினெட்டே வயது!

புத்தகம் வெளியானது 1818 ஜனவரி 1. அச்சிட்டது 500 பிரதிகள். அட்டையில் மேரி ஷெல்லியின் பெயரே இல்லை!

இன்னொன்று கேளுங்கள். அதே மழைக்கால வீட்டில் இன்னொரு கதையும் முளைவிட்டது. பைரனின் மருத்துவர் பொலிடோரிக்கு அப்போது 20 வயது. அவர் எழுதிய வேம்பயர் கதைதான் ஆங்கிலத்தின் முதல் இரத்தக்காட்டேரிச் சிறுகதை, டிராகுலாவுக்கெல்லாம் அண்ணன்! அது அச்சேறிய வருஷம் எது? 1819! ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கொடி நட்ட வருஷம்! ஒரே எரிமலை, ஒரே வீடு, இரண்டு பூதங்கள்!

பூதத்தின் பாட்டி சிங்கப்பூரில் டீச்சர்!

ஃபிராங்கன்ஸ்டைன் பூதம் என்றதும் கண்முன் வருவது எது? தட்டைத் தலை, கழுத்தில் ஆணி, சொருகிய கண். 1931 ஹாலிவுட் படத்தில் அந்த முகத்தைத் தந்தவர் போரிஸ் கார்லோஃப். ஒப்பனைக்கு மட்டும் தினமும் ஏறக்குறைய நான்கு மணி நேரம்! படத்தின் தொடக்கத்தில் நடிகர் பட்டியலில் பூதத்துக்கு நேரே பெயர் கிடையாது, வெறும் கேள்விக்குறி! முதல் காட்சிக்கு அவரை அழைக்கக்கூட இல்லை! அழைக்காதவரால்தான் படம் இன்றைக்கும் நினைவிருக்கிறது, அது வேறு விஷயம்.

கார்லோஃப் என்பது வைத்துக்கொண்ட பெயர்! பெற்றோர் இட்ட பெயர் வில்லியம் ஹென்றி பிராட். அப்பா எங்கே வேலை பார்த்தார்? இந்தியாவில், உப்பு வரித் துறையில்!

அதைவிடப் பெரிய அதிசயம் அம்மா வழியில்! சயாம் மன்னரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அன்னா லியோனோவென்ஸ் என்ற ஆங்கில ஆசிரியையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், திரைப்படமாகக்கூட வந்த வாழ்க்கை. கார்லோஃபின் அம்மாவைப் பெற்ற பாட்டியும் இந்த அன்னாவும் உடன்பிறந்தவர்கள்! அன்னா பிறந்தது மராட்டிய மண்ணின் அகமத்நகரில். 1859-இல் கணவர் பினாங்கில் இறந்துபோக, சின்னஞ்சிறு பிள்ளைகளோடு பிழைப்புக்கு என்ன செய்தார்? சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் நடத்தினார்! ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு! 1862-இல்தான் பாங்காக்குக்குக் கப்பலேறினார்.

ஆக, உலகையே நடுங்கவைத்த பூதத்தின் பாட்டி முறைக்காரி, நம் ஊரில் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர்! நம்ப முடிகிறதா?

கார்லோஃபும் கார்ட்டூனுக்கு வந்தார், தெரியுமா? 1966-இல் கிரிஞ்ச் என்ற பச்சைப் பூதத்தின் கிறிஸ்துமஸ் கார்ட்டூனுக்குக் கதை சொன்னதும் குரல் கொடுத்ததும் அவரே! அந்த இசைத்தட்டுக்குக் கிராமி விருது! எந்தப் பிரிவில்? குழந்தைகளுக்கான பிரிவில்! மறு வருஷம் பொம்மைகளை நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்த ஒரு பூதக் கூத்துப் படத்தில் ஃபிராங்கன்ஸ்டைன் பிரபுவுக்கே குரல் கொடுத்தார். அப்போது அவருக்கு 79 வயது! பொம்மை வேலை நடந்தது எங்கே? மறுபடியும் ஜப்பானில்!

தோ பாயோவிலிருந்து பொடிநடையில் பேய்!

இப்போது நம் பேட்டைக்கு வருவோம். தோ பாயோ லோரோங் 6-இல் ஓர் அசையாத பூதம் உட்கார்ந்திருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? டிராகன் விளையாட்டுத் திடல்! 1979-இல் வீவகவின் வடிவமைப்பாளர் கோர் இயென் கீ வரைந்தது. தலை முழுக்கச் சின்னச் சின்ன ஓடுகள் பதித்த மொசைக். முதுகெலும்புக்குப் பதில் வரிசையாக இரும்பு வளையங்கள். கீழே இன்னும் மணல்! ரப்பர் தரைக்கு மாறிவிட்ட சிங்கப்பூரில் மணல் திடல் என்பதே ஓர் அதிசயம்தான். வளையத்துக்குள் நுழைந்து வெளியே வந்த பிள்ளையின் செருப்பைக் கவிழ்த்தால் அரை டம்ளர் மணல் கொட்டும். இந்த டிராகனிடம் பயப்பட்ட பிள்ளை ஒன்றுகூட இருக்காது.

பயப்படவைத்த பேய்கள் இருந்தது விரைவுச்சாலைக்கு அந்தப் பக்கம்! தோ பாயோவின் தெற்கே பான் தீவு விரைவுச்சாலையைத் தாண்டினால் பாலஸ்டியர். அங்கே ஜாலான் அம்பாஸ் என்று ஒரு குட்டிச் சந்து. 8-ஆம் எண். என்ன இருந்தது தெரியுமா? ஷா சகோதரர்களின் மலாய் சினிமா ஸ்டூடியோ! 1947 முதல் 1967 வரை இந்தச் சந்துக்குள்ளிருந்து 150-க்கும் மேற்பட்ட படங்கள்! பி. ரம்லீ பாடியதும் ஆடியதும் இயக்கியதும் இங்கேதான். அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கியவர் யார்? சென்னையிலிருந்து வந்த எல். கிருஷ்ணன்! படம் 1950-இல் வந்த பக்தி! மலாய் சினிமாவின் மாபெரும் நட்சத்திரத்துக்கு வழி திறந்தது நம் ஊர்க்காரர் கை!

1958 என்ற பேய் வருஷம்!

இந்த வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், 1958! உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய் பூசிக்கொண்டு இருட்டில் வழுக்கி ஓடும் ஓராங் மின்யாக், அதாவது எண்ணெய் மனிதனைப் பற்றி அந்த ஒரே வருஷத்தில் எத்தனை படம்? மூன்று! இரண்டை எடுத்தவர் அதே எல். கிருஷ்ணன், போட்டிக் கம்பெனியான கேத்தே கெரிஸுக்காக! மூன்றாவது, ஜாலான் அம்பாஸில் பி. ரம்லீ எடுத்தது. ஊரார் எள்ளி நகையாடும் கூனனாக ரம்லீயே நடித்தார்!

அதே 1958-இல் பொந்தியானாக் பேய்ப் படம் இரண்டு! அதே 1958-இல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் லீ முதல்முறையாக டிராகுலா! அதே 1958-இல் தோயேயின் வெள்ளைப் பாம்புப் பெண் கதை, ஜப்பானின் முதல் வண்ண முழுநீளக் கார்ட்டூன்! ஹாம்பர்கர் டிராகுலாவின் வம்சம் தொடங்கியது அங்கேதான்! அந்தப் பாம்புப் பெண்ணைப் பார்த்து மயங்கித்தான் மியாசாகி என்ற இளைஞர் கார்ட்டூன் பக்கம் திரும்பினார்!

ஒரே வருஷத்தில் இத்தனை பேய்க்கு வேலை கிடைத்தது வேறெப்போதும் உண்டா என்ன?

பொந்தியானாக்கை எடுத்தவர் தமிழ்ப்பட இயக்குநர்!

பிரசவத்தில் இறந்த பெண் பேயாக வருவாள். வருமுன் செம்பகமும் கள்ளிமந்தாரையும் மணக்கும். வாழை மரத்தில் குடியிருப்பாள். பின்கழுத்தில் ஆணி அடித்தால் அழகான பெண்ணாகிவிடுவாள்! ஆணியைப் பிடுங்கினால்? ஓடுங்கள்! இதுதான் பொந்தியானாக்.

தமிழருக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? பேய் பிடித்தவரின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பது நம் ஊர்ப் பேயோட்டிகளும் செய்ததுதான்! கர்ப்பிணியாக இறந்தவளின் பாரம் இறங்கவேண்டும் என்று சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டதும் நாம்தான்! வழிப்போக்கர் தலைச்சுமையை அந்தக் கல்லில் இறக்கிவைத்தால் அவள் பாரமும் இறங்கும் என்ற நம்பிக்கை. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே துக்கத்துக்கு ஒரு பேய், ஒரு கல்!

ஃபிராங்கன்ஸ்டைன் எழுதிய மேரி ஷெல்லியின் அம்மாவும் எப்படி இறந்தார் தெரியுமா? மேரியைப் பெற்றுப் பதினோராம் நாள், அந்தப் பிரசவத்தால்!

1957 ஏப்ரல் 27 அன்று கேத்தே திரையரங்கில் வெளியானது பொந்தியானாக் படம். கூன் விழுந்த, அவலட்சணமான பெண்ணாக மரியா மெனாடோ. மந்திர மருந்தால் பேரழகியாகிறாள். ஒரே நிபந்தனை: இரத்தம் நாக்கில் படக்கூடாது! கணவனை விஷஜந்து தீண்டுகிறது. உயிரைக் காப்பாற்ற வாய் வைத்து உறிஞ்சுகிறாள். அவ்வளவுதான்! புருஷனைக் காப்பாற்றப் போய்ப் பேயானவள்! கூட்டம் அலைமோதியது. அந்த வருஷமே இரண்டாம் பாகம் வந்துவிட்டது! கான்டனீஸ் பேசவைத்து ஹாங்காங்குக்கும் அனுப்பினார்கள்.

இயக்குநர் யார்? பி. என். ராவ்! இவர் 1945-இல் நம் தமிழில் சாலிவாகனன் எடுத்தவர்! ரஞ்சனும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்த படம். அதில் துணைப் பாத்திரத்தில் வந்த ஓர் இளைஞர் பெயர்? எம்.ஜி.ஆர்! எம்.ஜி.ஆரை இயக்கிய கைதான் பொந்தியானாக்கையும் இயக்கியது! சொல்லிப் பாருங்கள், தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருக்கும் எந்த எம்.ஜி.ஆர். ரசிகரும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்!

பேயாக நடித்த மரியா மெனாடோ பிறகு என்ன ஆனார்? 1963-இல் பகாங் சுல்தானை மணந்தார்! பேயாக வந்தவர் அரண்மனைக்குப் போனார்!

பேய்ப்படத் தயாரிப்பாளர், பறவைப் பைத்தியம்!

பொந்தியானாக்கைத் தயாரித்த கேத்தே கெரிஸின் முதலாளிகளில் ஒருவர் லோக் வான் தோ. கோடீஸ்வரர். ஓய்வு நேரத்தில் என்ன செய்வார்? கேமராவைத் தூக்கிக்கொண்டு மரத்து மேல் பறவைக்குக் காத்திருப்பார்! நண்பர் யார் தெரியுமா? இந்தியாவின் பறவை மனிதர் சாலிம் அலி! இருவரும் சேர்ந்து கட்ச், காஷ்மீர், சிக்கிம் என்று பறவை தேடி அலைந்தவர்கள். லோக்கின் பறவைப் புத்தகம் வெளியான வருஷம்? 1957! பேயும் பறவையும் ஒரே வருஷம்! 1964 ஜூனில், தைவானில் திரைப்பட விழாவுக்குப் போனவர் விமான விபத்தில் இறந்தார். விமானத்திலிருந்த 57 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஒரே கட்டடம், எத்தனை கூத்து!

லோக் குடும்பத்தின் கேத்தே கட்டடம் 1939-இல் திறந்தபோது சிங்கப்பூரின் முதல் வானுயர் கட்டடம்! முதல் குளிரூட்டப்பட்ட திரையரங்கம்! பொந்தியானாக் அலறுவதற்குப் பதினான்கு வருஷம் முன்பு, இதே அரங்கில், 1943 அக்டோபர் 21 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் அரசைப் பிரகடனம் செய்தார்! எதிரே திரண்டிருந்தவர்களில் எத்தனையோ தமிழர்கள்!

அப்போது சிங்கப்பூரைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர் இங்கே ஒரு சினிமாக்காரரை அனுப்பினார்கள். யாரை? உலக சினிமாவின் மேதை யாசுஜிரோ ஓசு! எதற்கு? போஸையும் இந்திய தேசிய இராணுவத்தையும் பற்றிப் படம் எடுக்க! டெல்லியை நோக்கி என்பது படத்தின் பெயர்! எடுத்தாரா? போர் முடிந்ததும் கதைப்பிரதியையும் எடுத்த சுருளையும் எரித்துவிட்டார்! நம் மக்கள் நடித்திருக்கக்கூடிய ஓசு படம் சாம்பலானது என்றால் நெஞ்சு பொறுக்குமா?

சும்மா இருந்த நேரத்தில் ஓசு என்ன செய்தார்? பறிமுதல் செய்த ஹாலிவுட் படங்களைப் பார்த்தார், நூற்றுக்கும் மேல்! அதில் ஒன்று டிஸ்னியின் 1940 கார்ட்டூன் ஃபேண்டேசியா. இப்படி எடுக்கத் தெரிந்தவர்களோடு மோதி ஜெயிக்க முடியுமா என்று அப்போதே அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டதாம்! ஒரு கார்ட்டூன் பார்த்தே போரின் முடிவு தெரிந்துவிட்டது!

பொறுங்கள், இன்னும் முடியவில்லை. ஃபேண்டேசியாவில் மலை உச்சியில் கறுப்புச் சிறகை விரிக்கிற பிசாசு வருமே, செர்னபாக்? ஓவியர்கள் பார்த்து வரைவதற்காக டிஸ்னி ஸ்டூடியோவுக்கு வந்து கையை விரித்து நின்றவர் யார்? 1931-இன் டிராகுலா, பேலா லுகோசியே! ஆனால் ஓவியர் பில் டைட்லாவுக்கு அந்தப் போஸ் பிடிக்கவில்லை! உலகப் புகழ் டிராகுலாவை அனுப்பிவிட்டு, ஸ்டூடியோவிலேயே வேலை பார்த்த ஒருவரை நிற்கவைத்து வரைந்தார்!

பேய் பெயரில் ஒரு நகரம்!

கலிமந்தானில், சரியாகப் பூமத்திய ரேகை மேல், லட்சக்கணக்கானோர் வாழும் ஒரு நகரம். பெயரே பொந்தியானாக்! 1771-இல் ஊரை நிறுவிய சுல்தான், பேய்களை விரட்ட பீரங்கி முழக்கினார் என்பது ஊர்க்கதை. பேயை விரட்டிவிட்டு அதன் பெயரையே ஊருக்கு வைத்த மனசு யாருக்கு வரும்!

வேதாளமும் டிராகுலாவும்!

அம்புலிமாமாவில் விக்கிரமன் தோளில் சவாரி செய்த நம் வேதாளத்துக்கும் டிராகுலாவுக்கும் தொடர்பு உண்டா? ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேய ஊர்சுற்றி, வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1870-இல். தலைப்பிலேயே வேதாளத்தை வேம்பயர் ஆக்கிவிட்டார்! பிராம் ஸ்டோக்கர் டிராகுலா எழுதியது 27 வருஷம் கழித்து, 1897-இல். ஸ்டோக்கர் பர்ட்டனை நேரில் சந்தித்திருக்கிறார்! அவர் பேசும்போது மேலுதடு விலகிக் கோரைப்பல் பளிச்சிட்டதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறார்! அந்தப் பல்தான் டிராகுலாவுக்குப் போனதா? எனக்கென்னவோ சந்தேகம் இருக்கிறது!

காணாமல்போன சுருள்!

1957 பொந்தியானாக்கை இன்றைக்குப் பார்க்கலாமா? முடியாது! இரண்டாம் பாகத்தையும் முடியாது! பிரதிகளே இல்லை! கேத்தே கெரிஸின் இன்னொரு முதலாளி ஹோ ஆ லோக், சுருள்களைச் சுரங்கக் குட்டையில் வீசிவிட்டார் என்றொரு கதை உலவுகிறது. மூன்றாம் பாகமான சும்பா பொந்தியானாக் மட்டும் தப்பியது. கேத்தே கெரிஸ் மலாய்ப் படங்களில் எஞ்சிய 91 படங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டிலேயே ஏறிவிட்டன! முதல் இரண்டு பேய்களுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

நம்பிக்கை இழக்கலாமா? 1922-இன் நோஸ்ஃபெராட்டு, டிராகுலா கதையைக் கேட்காமல் சுட்ட படம். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார், எல்லாப் பிரதிகளையும் அழிக்க நீதிமன்றம் உத்தரவே போட்டது! அழிந்ததா? இல்லை! எடிசன் கம்பெனி 1910-இல் எடுத்த உலகின் முதல் ஃபிராங்கன்ஸ்டைன் படமும் தொலைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு பொம்மையைக் கொளுத்தி, அதைப் பின்னோக்கி ஓட்டி, சாம்பலிலிருந்து பூதம் எழுவதுபோலக் காட்டிய படம்! ஓடும் நேரம் சுமார் 16 நிமிடம்! பல பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் ஒரு சேகரிப்பாளரின் வீட்டில் பத்திரமாக இருந்தது!

அப்படியானால் ஹாங்காங் போன கான்டனீஸ் பொந்தியானாக் எந்தக் கிடங்கில் சுருண்டு கிடக்கிறதோ? பாலஸ்டியரிலோ தோ பாயோவிலோ யாருடைய தாத்தாவாவது சினிமா கம்பெனியில் வேலை பார்த்தவரா? வீட்டு ஸ்டோர் ரூமில் துருப்பிடித்த வட்டத் தகர டப்பா ஏதாவது இருந்தால் தயவுசெய்து காராங் கூனிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்! திறந்து பார்ப்பதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்!